திட்டிப் பாட ஒரு கிட்டார்

ஜூலை 6, ஞாயிறு

ஜெனிட்டா எழுதச் சொன்னாள், எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். புது வருஷத்துக்கு டைலர் கடையில் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து ஜூன் வரை வெள்ளைப் பக்கம். அதையெல்லாம் தாண்டித்தான் இங்கே வந்தேன்.

காலையில் பூசைக்குப் போய் வந்தேன். சோறு வடித்தேன், மிச்சமாகிவிட்டது. ஒருத்திக்கு வடிக்க இன்னும் கை பழகவில்லை.

ஜெனிட்டா என் மகள். குவைத்தில் நர்ஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் முகம் காட்டுவாள். "இந்த வாரம் யார்கிட்டல்லாம்மா பேசினே?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். பால்காரரிடம், நாளையிலிருந்து அரை லிட்டர் வேண்டாம், கால் லிட்டர் போதும் என்று சொன்னேன். அதைச் சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பேச ஆள் இல்லேன்னா எழுதும்மா. எதையாவது எழுது" என்றாள்.

எதை எழுத? எங்கள் கோலார் தங்க வயலில் சுரங்கம் மூடி ரொம்ப காலம் ஆகிறது. விடிவதற்குள் ஆம்பிளைகள், பெண் பிள்ளைகள் எல்லாரும் ரயிலேறி பெங்களூர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பகலில், சுரங்கத்து ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டின இந்த லைன் வீடுகளில் இருப்பது நாய்களும் நானும்தான். காற்றடித்தால் சுரங்கக் கழிவு கொட்டின சயனைடு மேட்டிலிருந்து தூசி வரும், ஜன்னலைச் சாத்துவேன். ரவிக்கைக்கு ஊக்கு வைப்பேன், புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பேன். என் வீட்டுக்காரர் தவறிப் போனது போன நவம்பரில். இன்றைக்கு இது போதும்.

ஜூலை 8, செவ்வாய்

ஊக்கு தீர்ந்துவிட்டது. மழை வருகிற மாதிரி வந்து போய்விட்டது.

ஜூலை 11, வெள்ளி

தைக்கும்போது ஃபோனில் மாதா பாட்டு போட்டு வைப்பேன். அது முடிந்தால் தானாக வேறு எதையாவது பாடும். இன்று தொப்பி போட்ட ஒரு கறுப்பு மனுஷர் வந்தார். கையில் கிட்டார். இங்கிலீஷ் பாட்டு. நிறுத்தலாம் என்று கையைக் கொண்டு போனவள் நிறுத்தவில்லை.

ஒரு வரி பாடினார். கொஞ்சம் நிறுத்தினார், அந்த இடத்தில் கிட்டார் அழுதது. அதே வரியை மறுபடியும் பாடினார். மறுபடியும் கிட்டார். அப்புறம் வேறு ஒரு வரியைச் சொல்லி முடித்தார். எனக்கு ஊசி விரலில் ஏறியதுகூடத் தெரியவில்லை.

ஏனென்றால் அது ஒப்பாரி. வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் எனக்குத் தெரியாதா? ஒருத்தி ஒரு வரி எடுப்பாள், மற்றவர்கள் அழுவார்கள், அதே வரியை மறுபடி எடுப்பாள், அப்புறம்தான் முடித்து வைப்பாள். இந்த லைனிலும் பின் லைனிலும் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் எடுத்துப் பாடுவது நான்தான். கோயில் மணி அடிக்கும் முன்பே எனக்கு ஆள் வந்துவிடும்.

இப்போது வருவதில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும். அவரைப் பெட்டியில் வைத்தபோது லைன் மொத்தமும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு ஒரு வரி வரவில்லை. கண்ணீரும் வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஜெனிட்டாவுக்கு அந்தப் பாட்டை அனுப்பி வைத்து, என்ன பாடுகிறார் என்று கேட்டேன். அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இதுக்குப் பேரு ப்ளூஸும்மா. மனசு சரியில்லாதவங்க பாடறது. 'போறதுன்னா போ, உன் செருப்பு வாசல்லயே கெடக்குது'ங்கறாரு."

"அப்புறம்?"

"'வெறுங்கால்ல எவன் வீட்டுக்குப் போனாலும் அவனும் வெளியதான் நிக்க வெப்பான்'ங்கறாரு."

"திட்டறாரா?"

"திட்டறாரு. அழறாரு. ரெண்டும்தான்."

"செத்துப் போனவங்களையா?"

"விட்டுட்டுப் போனவங்களை. யாரா இருந்தா என்னம்மா?"

நாங்கள் ஒப்பாரியில் எல்லாரையும் திட்டுவோம். டாக்டரைத் திட்டுவோம், மாமியாரைத் திட்டுவோம், கூடப் பிறந்தும் எட்டிப் பார்க்காத அண்ணனைத் திட்டுவோம், ஆண்டவரையே கேள்வி கேட்போம். பெட்டியில் படுத்திருப்பவரை மட்டும் திட்டுவதில்லை. அவர் ராசா, தங்கம், மகராசன். குடித்துக் குடித்துக் குடும்பத்தை அழித்தவனுக்கும் நானே பாடியிருக்கிறேன், மகராசன் என்று.

பீரோ மேலே ஜெனிட்டாவின் கிட்டார் இருக்கிறது. பத்தாவது படிக்கும்போது கோயில் பாடகர் குழுவில் வாசித்தாள். இறக்கினேன். உறையை எலி கடித்திருக்கிறது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

சுதி சேர்க்க ஃபோனிலேயே ஒன்று இருக்கிறது. கம்பியைத் தட்டினால் முள் ஆடும். பச்சைக்கு வரும்வரை திருக வேண்டும். ஜெனிட்டா இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தாள். காலையெல்லாம் அதுதான். புளிக்குழம்பு அடி பிடித்துவிட்டது.

ஜூலை 19, சனி

தொப்பிக்காரர் பாட்டு மட்டும் பாடுவதில்லை, சொல்லியும் கொடுக்கிறார். பேச்சு விளங்கவில்லை. சத்தத்தை அணைத்துவிட்டுக் கையை மட்டும் பார்க்கிறேன். மூன்றே பிடிதான். முதல் பிடி, இரண்டாம் பிடி, மூன்றாம் பிடி என்று பெயர் வைத்துக்கொண்டேன். முதல் வரிக்கு முதல் பிடி. அதே வரியைத் திரும்பப் பாடும்போது இரண்டாம் பிடிக்குப் போய், வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி மறுபடி முதல் பிடிக்கே வந்துவிடுகிறார். முடிக்கும் வரிக்கு மூன்றாம் பிடி.

ஊசி குத்திக் காய்த்த விரல்தானே, கம்பி என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். கம்பி வேறு இடத்தில் குத்துகிறது.

ஜூலை 27, ஞாயிறு

பிலோமினா அக்கா வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா, பக்கத்து லைனில் இருக்கிறார். வாசலிலேயே கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார்.

"இன்னாடி அமலு, துக்க வீட்டுல கச்சேரி?"

"கத்துக்கறேன்க்கா."

"இன்னாத்துக்கு? எவன் கல்யாணத்துல வாசிக்கப் போறே? வருஷம் திரும்பல. இந்த வீட்டுல ஈஸ்டருக்குக் கறிகூட வெக்கல. நீ டொங்கு டொங்குன்னு தட்டினுகீறே."

டீ போட்டேன். குடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஊரான் வீட்டுச் சாவுக்கெல்லாம் ராகம் போட்டவதானே நீ? என் தம்பி பெட்டியில கெடந்தான். வாயத் தொறந்தியா? ஜனங்க இன்னா பேசறாங்க தெரியுமா? 'இன்னாசிக்கு அழக்கூட ஆளில்ல'ன்னு பேசறாங்க. உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. என் மூஞ்சியத்தான் பாக்கறாங்க."

"எனக்கு வரலக்கா."

"வருஷப் பூசை அன்னிக்கு கல்லறையில நாலு வரி பாடிடு. அது போதும். இல்லேன்னா அவன் போன மாதிரியே இருக்காது எனக்கு."

"வந்தா பாடறேன்."

"வந்தாவா? அது இன்னா ரயிலாடி?"

போகும்போது என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். திட்டிவிட்டுத் தலையைத் தொடுவது அக்கா வழக்கம். நான் கிட்டாரைக் கட்டிலடியில் தள்ளினேன். சாயங்காலம் மறுபடி எடுத்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மெல்லிய கம்பி அறுந்து கன்னத்தில் அடித்தது. ராபர்ட்சன்பேட்டையில் புதுசு வாங்கினேன். கடைக்காரப் பையன், "பேரனுக்கா ஆன்ட்டி?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள். பூசைக்குப் போனேன், சாப்பாட்டுக்கு நிற்கவில்லை.

பின் லைனில் தேவசகாயத்தின் அம்மா தவறிவிட்டார். மணி அடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முகம் கழுவி, வேறு புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் கூப்பிட வரவில்லை. தப்பு மேளச் சத்தம் கேட்டது. அப்புறம் வேறு யாரோ எடுத்துப் பாடுகிற சத்தம். வரி எங்கே இறங்க வேண்டுமோ அங்கே இறங்கவில்லை. பிள்ளை பெற்ற தாய்க்குப் பாட வேண்டியதை விட்டுவிட்டுப் புருஷனுக்குப் பாடுவதைப் பாடுகிறாள்.

நல்ல புடவையோடு கிட்டாரை எடுத்து வைத்துக்கொண்டேன். தொப்பிக்காரர் கட்டைவிரலால் தடித்த கம்பியை விடாமல் தட்டிக்கொண்டே இருப்பார், மற்ற விரல்கள் என்ன செய்தாலும் அது நிற்காது. எனக்கு அது வரவே இல்லை. இன்று தப்பைக் கேட்டுக்கொண்டே தட்டினேன், வந்துவிட்டது. பெட்டி கல்லறைக்குப் போகும்வரை நானும் கூடவே தட்டினேன். அந்த அம்மாவுக்கு நான் செய்தது அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

தெரியாத நம்பர். எடுத்தேன். பேசவில்லை. பின்னால் குக்கர் விசில் கேட்டது, பஸ் ஹாரன் கேட்டது. "யாருங்க?" என்றேன். வைத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்த நாள். முதல் பிடியிலிருந்து இரண்டாம் பிடிக்குத் தடங்கல் இல்லாமல் போகிறேன். மூன்றாம் பிடி நான்கு விரல் கேட்கிறது. என் மோதிர விரல் போக மாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

கம்பியை அழுத்தியபடியே மேலே தள்ளினால் சத்தம் வளைகிறது. அழுது அழுது தொண்டை கட்டினவள் "ஐயோ" என்று சொன்னால் வருமே, அந்த மாதிரி. இன்று முழுக்க அதையே செய்துகொண்டிருந்தேன். நாய் வந்து வாசலில் உட்கார்ந்து கேட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு

கையில் பிடி வந்தால் வாயில் வார்த்தை வர வேண்டும். என்னத்தைப் பாடுவது?

அவரைப் பற்றி எழுதுகிறேன். பெங்களூரில் அடுக்குமாடி வீட்டில் நைட் வாட்ச்மேன். வாரம் முழுக்க அங்கே ரூம். சனிக்கிழமை வருவார், திங்கள் விடியற்காலை வண்டிக்குப் போவார். வந்ததும் சாப்பிடுவார். சாம்பாரில் ஒரு குறை சொல்வார். தூங்குவார். ஒருநாளும் கை ஓங்கியதில்லை. ரயிலடியில் விற்கும் வேர்க்கடலையைக் காகிதத்தில் கட்டி எனக்கென்று கொண்டு வருவார், அது ஆறிப் போயிருக்கும். நான் அதை வாணலியில் சூடு பண்ணித் தின்பேன்.

அவர் தவறின அன்றைக்கு அவர் ஃபோனிலிருந்துதான் கூப்பிட்டார்கள். பெண் குரல். "எழுந்திருக்க மாட்டேங்கறாரு, கையெல்லாம் சில்லுனு இருக்கு" என்றது. யாரு என்று கேட்டேன். பக்கத்து ரூம் என்றது.

ஆம்புலன்ஸில் வந்தபோது முகம் சவரம் செய்து, தலை வாரி, நீலக் கோடு போட்ட சட்டை போட்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. அந்தச் சட்டையை நான் வாங்கித் தரவில்லை.

பக்கத்து ரூம்காரர்கள் நல்லவர்கள்.

செப்டம்பர் 22, திங்கள்

நேற்று எழுதியதைப் படித்தேன். கிழிக்கலாமா என்று பார்த்தேன். பின்பக்கம் பால் கணக்கு இருக்கிறது, விட்டுவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

முதல் இரண்டு வரி வந்துவிட்டது. இரண்டும் ஒரே வரிதானே.

*சனிக்கிழமை வண்டியிலே வந்தீரே, சாம்பாரு உப்பில்லேன்னு சொன்னீரே.*

இதைப் பாடும்போது கட்டைவிரல் தானாக நடக்கிறது. முடிக்கும் வரி மட்டும் வரவில்லை. மூன்றாம் பிடியும் வரவில்லை.

ஜெனிட்டாவுக்குப் பாடிக் காட்டினேன். கை தட்டினாள்.

"முடிக்கிற வரி உனக்குத் தெரியும்மா" என்றாள்.

"தெரியாது."

"எனக்கே தெரியும். பன்னெண்டாவது படிக்கும்போது அப்பாவைப் பாக்க பெங்களூர் போனேன்ல…"

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். எங்கள் லைனில் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வராது. அது அவளுக்கும் தெரியும்.

அக்டோபர் 7, செவ்வாய்

வந்துவிட்டது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், சாம்பல் கையோடு ஓடினேன்.

*வயிறு அங்கே ரொம்பிருச்சு, வாய் மட்டும் இங்கே வந்துச்சு.*

மோதிர விரலும் போனது. சத்தமாகப் பாடினேன். பாடிவிட்டு வாசலுக்குப் போய் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை. நன்றாகச் சிரித்தேன். அழுகை வருமோ என்று உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை.

இதைக் கல்லறையில் பாட முடியாது. பிலோமினா அக்கா என்னையும் அங்கேயே புதைத்துவிடுவார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எதிர் லைனிலிருந்து அதிரசம் கொடுத்துவிட்டார்கள். துக்க வீடு என்று வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். பிலோமினா அக்காவும் நானும் சாமந்தி, மெழுகுவர்த்தி, ஊதுவத்தி எல்லாம் எடுத்துக்கொண்டு விடிந்ததும் போனோம். கூட்டம் வருவதற்குள் கழுவிவிடலாம் என்று வாளியும் விளக்குமாறும் எடுத்துப் போனோம்.

எங்களுக்கு முன்பே யாரோ வந்து கழுவியிருந்தார்கள். வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம், மல்லிகைச் சரம். சிலுவைக்கு, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், மஞ்சள் குழைத்துக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

அக்கா முந்தானையைத் தண்ணீரில் நனைத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"எவளோ கல்லறை மாத்தி வெச்சிட்டுப் போயிருக்கா. இந்துக்காரங்களுக்கு நம்ம கல்லறை எப்படித் தெரியும்?"

"பேரு எழுதியிருக்கே அக்கா" என்றேன்.

"நீ சும்மா இரு."

துடைக்கத் துடைக்கக் குங்குமம் சுண்ணாம்பில் ஊறிவிட்டது. போகவில்லை. அக்கா சாமந்தியை அதன் மேல் சாத்தி மறைத்தார். எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். அடக்கம் அன்று லைன் கோடியில் தண்ணீர்க் குழாய் பக்கம் பச்சைப் புடவையில் ஒருத்தி நின்றாள். அக்கா போய் ஏதோ சொன்னார். அவள் போய்விட்டாள். அக்கா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மார் மாராக அடித்துக்கொண்டு அழுதார்.

வெற்றிலை பாக்கை அக்கா தூக்கிப் போட்டார். வாழைப்பழத்தை நான் பையில் போட்டுக்கொண்டேன். கல்லறையில் வைத்ததைக் குரங்கு தின்னும்.

நவம்பர் 3, திங்கள்

தின்றேன். பழுத்த பழம்.

நவம்பர் 10, திங்கள்

வருஷப் பூசை வருகிற ஞாயிறு. ஃபாதரிடம் சொல்லியாகிவிட்டது. சாப்பாடு பிலோமினா அக்கா பொறுப்பு. பாடுவது என் பொறுப்பு. பழைய ஒப்பாரியை எடுத்துப் பார்த்தேன். ராசா, மகராசா. அதற்கு மேல் வரவில்லை.

நவம்பர் 15, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் நாளைக்கு வேண்டிய மசாலா அரைத்து வைத்தேன். அக்கா அண்டா கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். மத்தியானம் தாண்டிக் கதவைத் தட்டினார்கள், அக்காதான் என்று திறந்தேன். தலையில் பூ, பெரிய பொட்டு, பச்சைப் புடவை. என்னைவிடச் சின்னவள்தான், ஆனால் ரொம்பச் சின்னவள் இல்லை. அதுவரை நான் மனசில் பார்த்துக்கொண்டிருந்தவள் அழகி. இவள் என்னைப் போல இருந்தாள்.

"அக்கா, நான் முனிரத்னா. பெங்களூர்லருந்து…"

"தெரியும்."

"அன்னிக்கு போன் பண்ணது…"

"தெரியும். உள்ளே வா. வாசல்ல நிக்காதே."

கட்டிலில் உட்காரச் சொன்னேன். தரையில் உட்கார்ந்தாள்.

"பூ வெச்சிட்டு வந்திருக்கேன்னு தப்பா நினைக்காதீங்கக்கா. எடுத்தா எங்க தெருவுல கேப்பாங்க. அவரு ஊருக்குப் போயிருக்காருன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"இன்னுமா?"

"இன்னும் ஊர்லதான் இருக்காரு."

டீ போடப் போனேன். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். எத்தனையோ நாள் இவள் வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. டீயில் சர்க்கரை போட்டேனா இல்லையா என்பதே மறந்துவிட்டது.

"உனக்கு என்ன வேணும்?" என்றேன்.

"ஒண்ணும் வேணாம்க்கா. நீங்க பாடுவீங்கன்னு சொல்வாரு. ஊருக்குப் போனவருக்காக எங்க தெருவுல எப்படி அழறது? ரேடியோவைச் சத்தமா வெச்சிட்டு அழலாம்னு பாத்தேன். அழுகை வரல. நீங்க ஒரு தடவை பாடினா, ஒரு மூலையில உக்காந்து அழுதுட்டுப் போயிடறேன். நாளைக்கு நான் வர மாட்டேன். அதான் இன்னிக்கு வந்தேன்."

"எனக்கே வரலையே" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கா?"

"ஒரு சொட்டு வரல. லைன் மொத்தமும் பேசுது."

இரண்டு பேரும் டீ குடித்தோம். சர்க்கரை போடவில்லை. அவள் முகம் சுளிக்காமல் குடித்தாள். கிட்டார் கட்டிலில் கிடந்தது. "பொண்ணோடதா?" என்று கேட்டாள். "என்னுது" என்றேன். அப்படி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் கை தானாக அதை எடுத்துக்கொண்டது.

"ஒண்ணு பாடறேன். அழற பாட்டு இல்ல. கோச்சுக்காதே."

கட்டைவிரலை நடக்க விட்டேன். பாடினேன். சனிக்கிழமை வண்டியிலே வந்தீரே, சாம்பாரு உப்பில்லேன்னு சொன்னீரே. மறுபடியும் அதே வரி. முடிக்கும் வரிக்கு வரும்போது வேண்டாம் என்று நினைத்தேன். வாய் கேட்கவில்லை. வயிறு அங்கே ரொம்பிருச்சு, வாய் மட்டும் இங்கே வந்துச்சு.

அவள் முகம் சிவந்துவிட்டது. எழுந்து போகப் போகிறாள் என்று நினைத்தேன்.

"நான் சாம்பார் வெச்சதே இல்லக்கா" என்றாள். "எனக்கு வரவும் வராது. ஆபீஸ் கூட்டற வேலை முடிச்சு நான் வரதுக்குள்ள ஓட்டல்ல சாப்ட்டு வந்து படுத்துருப்பாரு."

"படுத்துருப்பாரா?"

"தூக்கம்தான். நைட் டூட்டி பாத்தவரு, பகல் பூரா தூக்கம். ரெண்டு வார்த்தை சிரிச்சுப் பேச மாட்டாரு. நான் நெனச்சுக்குவேன், சிரிப்பெல்லாம் ஊர்ல அக்காவுக்குன்னு எடுத்து வெச்சிருக்காரு போலன்னு."

"இங்கேயும் தூக்கம்தான்" என்றேன். "அங்கே உன்கிட்ட சிரிச்சு சிரிச்சு அலுத்துப் போயிட்டுத்தான் இங்கே வந்து தூங்கறாருன்னு நான் நெனச்சேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பில். கட்டைவிரல் மட்டும் நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தட்டலுக்கு வார்த்தை தானாக வந்து உட்கார்ந்தது.

*ரெண்டு ஊட்டுல பாய் விரிச்சு ரெண்டுலயும் தூங்கினீரே.*

கம்பியை வளைத்தேன். அது அழுதது. மறுபடியும் பாடினேன்.

*ரெண்டு ஊட்டுல பாய் விரிச்சு ரெண்டுலயும் தூங்கினீரே.*

மூன்றாம் பிடிக்கு விரல் போய்விட்டது, என்னிடம் வரி இல்லை. பிடியை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருந்தேன். முனிரத்னா சிரிப்பை நிறுத்தியிருந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, பாட்டாக இல்லாமல், வீட்டில் ஒருத்தரைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இப்ப ரெண்டு ஊட்டுக்கும் வராம எங்கய்யா போய்த் தூங்கறீரு?"

அவ்வளவுதான். என்ன சத்தம் போட்டேன் என்று எனக்குத் தெரியாது. எத்தனை வீட்டில் பாடியிருக்கிறேன், அந்தச் சத்தம் என்னிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. அவள் தவழ்ந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நடுவில் கிட்டார் இடித்தது. விடவில்லை. அவள் பூ என் மூக்கில் உரசியது. நான் ஒரு வரி எடுத்தேன், அவள் அழுதாள். மறுபடி எடுத்தேன். ராசா என்றும் வந்தது, பாவி என்றும் வந்தது. வேர்க்கடலை வந்தது, நீலக் கோடு சட்டை வந்தது. அந்தச் சட்டையை அவள்தான் வாங்கினாளாம், தவணைக்கு. அதையும் பாட்டில் சேர்த்தேன்.

அப்போதுதான் அண்டாவைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

பிலோமினா அக்கா வாசல்படியில் நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ. முனிரத்னாவைப் பார்த்தார். அவளுக்கு அக்காவைத் தெரிந்துவிட்டது, என்னை விட்டுவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"அக்கா, இவ முனிரத்னா. துக்கத்துக்கு வந்திருக்கா" என்றேன்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் எதிர் வீட்டு வாசலில் நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா திரும்பி அவர்களைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"என் தம்பியைத் திட்டியாடி பாடினே?"

"ஆமாக்கா."

"குழாய் வரைக்கும் கேக்குது."

நான் தலை குனியவில்லை. கட்டைவிரல் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தவும் இல்லை. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். திட்டப் போகிறாரா அழப் போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரிந்திருக்காது.

"கதவையாவது சாத்திட்டுப் பாடுங்கடி" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அண்டாவைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, கதவைச் சாத்தினார்.